நான் ஒட்டிய முந்நூறு வரிகள்

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கணினிப் பிரிவில், சுவரில் ஒரு தாள் இருந்தது. தன்னார்வலர்கள் எழுதித் தரும் மென்பொருளில் கோளாறு வந்தால் அவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அதில் ஏழு வரிகள். ஓய்வு பெறுவதற்கு முன் நான் தட்டச்சு செய்து வைத்தது. போன மாதம், இப்போது என் நாற்காலியில் இருக்கும் ரேவதி போன் செய்தார்.

"சார், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. உங்க தாளை எடுத்துட்டோம். திரும்ப ஒட்டணுமான்னு கேக்குறாங்க. ஆறு லைன் எல்லா இடத்துலயும் இருக்கிறதுதான். ஒரு லைன் மட்டும் சிவப்புல போட்டிருக்கீங்க. ஆள் பேரு, ஊரு, போன் நம்பர், நோய் எதுவும் வெளியே போகக்கூடாது, அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் படிக்கணும்னு. ஏதாவது நடந்துச்சா சார்?"

"நடந்துச்சும்மா. போன்ல சொல்ல வராது. எழுதி அனுப்புறேன்" என்றேன்.

அதுதான் இது. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. சிலரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பெண்ணின் பெயரை மட்டும், மாற்றிக்கூட எழுதமாட்டேன். அதை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன்.

அப்பா ராமநாதபுரத்திலிருந்து அந்தமானுக்கு, போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலைக்கு வந்தவர். நான் ஹேடோ குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பள்ளியில் ஹிந்தி, வீட்டில் தமிழ். தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது, டைப் தெரிந்தவனுக்கு இதுவும் வரும் என்று அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். மெயின்லேண்டில் இரண்டு முறை பயிற்சி கொடுத்தார்கள். மற்றதெல்லாம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

வெளித்தீவுகளில் இருந்த சின்னச் சின்ன மருந்து நிலையங்களின் நோயாளிப் பதிவேடு எங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினோம். யாரும் விற்றதல்ல. பல நாடுகளில் இருக்கும் பத்துப் பதினைந்து பேர் தங்கள் சொந்த நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தது. இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சிஸ்டர் தன் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பார். இணைப்பு கிடைக்கும்போது பதிவுகள் தாமாகவே போர்ட் பிளேருக்கு வந்து சேரும். கடலடிக் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. செயற்கைக்கோள் வழியாகத்தான் எல்லாம். பலமாக மழை பெய்தால் இணைப்பு போய்விடும். எங்களுக்கு அந்த மென்பொருளை விட்டால் வேறு வழி இல்லை.

என் மேலதிகாரி பிஸ்வாஸ் சாப். மத்திய அந்தமானில் குடியேறிய வங்காளிக் குடும்பம். எங்களிடம் ஹிந்தியில் பேசுவார். சரியாக ஒன்பதுக்கு வருவார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைப்பார். கோப்பை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டே படிப்பார், படித்து முடித்ததும் மேஜைமேல் சத்தமில்லாமல் வைப்பார். ஒருபோதும் குரல் உயர்த்தமாட்டார். கடிதம் என்றால் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எதிராளி பயப்படாத கடிதத்துக்குத் தாள் வீண் என்பார். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் உள்ள அலுவலகங்களிடம் அப்படி எழுதி எழுதித்தான் இந்தத் தீவுக்கு எத்தனையோ காரியங்களை வரவழைத்தார். அதையும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல.

லாங் ஐலண்டில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர்தான் கோளாறை முதலில் கண்டுபிடித்தார். கன்னியாகுமரிக் குடும்பம். தீவிலேயே தங்கி வேலை பார்த்தவர்.

"சார், காசநோய் மாத்திரை சாப்பிடுற பொண்ணு ஒண்ணு. மூணு மாசம்தான் ஆகுது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிஞ்சுதுன்னு காட்டுது. நான் கையால நோட்டுல எழுதி வச்சதால தெரிஞ்சுது. இல்லன்னா மருந்தை நிறுத்தியிருப்பேன்."

ஆறு மாதம் ஒரு வாரம்கூட விடாமல் எடுக்க வேண்டிய மருந்து அது. பார்த்தபோது விஷயம் புரிந்தது. பதிவு வந்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், மறுபடி வரும்போது அதே பதிவு இரண்டாக விழுந்தது. ஒரு வார மருந்து இரண்டு வாரமாகக் கணக்காகியிருந்தது.

பிஸ்வாஸ் சாப்பிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்கா பாஸ் கோன் ஹை?"

"இவங்களுக்கு பாஸ் யாரும் இல்லை சாப். எல்லாரும் சும்மா செய்றவங்க. ஒரு பொதுப் பக்கம் இருக்கு. கோளாறை அங்கே எழுதினா, நேரம் இருக்கிறவங்க பார்ப்பாங்க."

"நேரம் இருந்தாவா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "அர்ஜென்ட் லிக்கோ. இருபத்துநாலு மணி நேரம் குடு. அரசாங்கம்னு எழுது."

அந்தப் பக்கத்தில் புதிதாக எழுத வருபவர்களுக்கு மேலேயே ஒரு குறிப்பு இருந்தது. எழுதுவதற்கு முன் இதே கோளாறை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள், இது எல்லோரும் பார்க்கும் பக்கம் என்பதை மறக்காதீர்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு மனப்பாடமானது. அன்று அதைத் தாண்டிக் கீழே போய்விட்டேன். தலைப்பில் 'மிக அவசரம், அரசுப் பணி' என்று போட்டேன். உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை, நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்து இங்கேயே உறுதி செய்யவும் என்று எழுதினேன். சாப் சொல்லாத ஒரு வாக்கியத்தை நானே சேர்த்தேன். 'பொறுப்பு ஏற்க முடியாதவர்கள் இப்படிப்பட்ட மென்பொருளை வெளியிடக் கூடாது.' அதை எழுதியபோது திருப்தியாக இருந்தது.

மறுநாள் பதில் இருந்தது. எழுதியவரை மார்த்தா என்று வைத்துக்கொள்கிறேன். வடக்கு ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரில் பள்ளி நூலகத்தில் வேலை. மென்பொருளில் பதிவுகளை அனுப்பும் பகுதியை அவர் ஒருவர்தான் பல வருடமாகக் கவனித்து வந்தார் என்பது எனக்குப் பிறகே தெரியும்.

பதிலில் கோபம் இல்லை. 'இது கவலைப்பட வேண்டிய விஷயம். உதவப் பார்க்கிறேன். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்? என்ன செய்தபோது இது வந்தது? கோளாறு நேர்ந்த சமயத்துப் பதிவுக் கோப்பிலிருந்து அந்தச் சில வரிகள் மட்டும் போதும். மனிதர்களைப் பற்றிய எதுவும் அதில் இருந்தால் தயவுசெய்து நீக்கிவிட்டு அனுப்புங்கள். நான் பகலில் வேறு வேலையில் இருக்கிறேன், மாலையில் பார்ப்பேன். அதுவரை சிஸ்டர் கையால் எழுதும் நோட்டையே நம்புங்கள்.'

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உயிர் போகிற விஷயம் என்கிறேன், இவர் மாலையில் பார்ப்பாராம். சாப்பிடம் காட்டினேன்.

"கேக்குறாங்களா? தே தோ. எல்லாத்தையும் குடுத்துடு. அப்புறம் அது இல்ல இது இல்லன்னு சாக்கு சொல்லக் கூடாது."

மார்த்தா கேட்ட பதிவுக் கோப்பு, மென்பொருள் தான் செய்ததையெல்லாம் வரிவரியாகக் குறித்து வைப்பது. சில வரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இணைப்பு இன்னும் எவ்வளவு நேரம் நிற்குமோ தெரியாது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தேன், அந்தப் பக்கத்தில் ஒட்டினேன், அனுப்பினேன். கிட்டத்தட்ட முந்நூறு வரிகள். போனது என்று திரையில் வந்தது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இணைப்பு போனது.

இரண்டு நாள் இணைப்பு வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு.

மூன்றாம் நாள் காலை என் மின்னஞ்சலில் மார்த்தாவின் கடிதங்கள் மூன்று இருந்தன. முதலாவது நான் ஒட்டிய அன்றைக்கே, நாற்பது நிமிடத்துக்குள் எழுதியது. 'நீங்கள் ஒட்டியதில் ஒன்பது பேரின் பெயர், ஊர், தொலைபேசி எண், மருந்தின் பெயர் இருக்கின்றன. நான் அதை முழுவதும் அழித்துவிட்டேன். உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை.' இரண்டாவது மறுநாள். 'நான் அழிப்பதற்குள் வேறொரு தளம் எங்கள் பக்கத்தை இயந்திரம் மூலம் நகலெடுத்திருக்கிறது. அதை நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.' மூன்றாவது அன்று காலை. 'நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள். இருவர் கேட்டால் சீக்கிரம் நடக்கலாம். அந்த ஒன்பது பேருக்கும் தெரியப்படுத்துங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும்.'

கோப்பைத் திறந்து அப்போதுதான் படித்தேன். ஒவ்வொரு பதிவும் போகும்போது அதன் உள்ளடக்கத்தையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தது. லாங் ஐலண்ட், அந்தப் பெண்ணின் பெயர், வயது, அவள் வீட்டுப் போன் எண், காசநோய் மருந்து. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர்தான்.

சாப்பிடம் போனேன். நின்றபடியே கேட்டார்.

"அவங்க பக்கத்துல ஹட் கயா நா?"

"அங்கே எடுத்துட்டாங்க சாப். இன்னொரு இடத்துல நகல் இருக்கு."

"யாரு பார்க்கப் போறாங்க? கோப்புல எதுவும் எழுதாதே. அந்த ஒன்பது பேர்கிட்டப் போய்ச் சொன்னா இல்லாத பயத்தை நாமே உண்டாக்குற மாதிரி."

அந்த நகல் தளத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதவில்லை. ஒன்பது பேரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மார்த்தா விடாமல் எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. சில வாரங்கள் கழித்து அது அங்கிருந்தும் போனது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் அண்ணன் ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தார். இலங்கையிலிருந்து வந்து காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்த மலையகக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு லாங் ஐலண்டில் வந்து தங்கியவர்கள். படகில் ராங்கத்துக்கு வந்து, அங்கிருந்து முதல் நாளே பஸ் ஏறி வந்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"சார், இது என்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. சௌல்தாரியில மாப்பிள்ளை வீட்டுலருந்து அனுப்புனாங்க. எங்க வீட்டு போன் நம்பர அவங்க சொந்தக்காரப் பையன் நெட்டுல போட்டுப் பாத்துருக்கான். இது வந்துருக்கு."

திரையில் நான் ஒட்டிய வரிகளில் நான்கு. ஆங்கில எழுத்துகள், எண்கள், நடுவில் அவர் தங்கையின் பெயர்.

"கல்யாணம் வேணாம்னுட்டாங்க. அது போவட்டும் சார், இன்னொரு எடம் பாத்துக்கலாம். ஊரு பூராத் தெரிஞ்சிருச்சு. அங்கன்வாடில பாதிப் பேரு புள்ளைங்கள அனுப்புறதில்ல, அங்கதான் இவ வேலை. மருந்து சாப்புட்டா ரெண்டு வாரத்துல ஒட்டாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. யாரு கேக்குறா? நான் கேக்குறது ஒண்ணுதான். இத யாரு வெளிய குடுத்தது?"

சாப் தன் அறையிலிருந்து வெளியே வந்திருந்தார். அண்ணனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். போனை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மிருதுவாகத்தான் பேசினார்.

"எங்க ஆபீஸ்லருந்து யாரும் குடுக்கலே தம்பி. இது வெளிநாட்டுக்காரங்க ப்ரோக்ராம். அதுல ஓட்டை. நாங்க அவங்க மேல நடவடிக்கை எடுக்கிறோம்."

அண்ணன் ஹிந்தியில் கேட்டார். "அந்த ப்ரோக்ராம்ல தங்கச்சி பேர எழுதினது யாரு?"

"அங்கே இருக்கிற சிஸ்டர்தான் எழுதுவாங்க" என்றார் சாப்.

அது பொய்யில்லை. சிஸ்டர்தான் பதிந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தமிழில் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. என் வாயில் வந்தது, "விசாரிக்கிறோம் தம்பி. நீங்க தைரியமா இருங்க. தங்கச்சி மருந்தை மட்டும் விடாம பாத்துக்கங்க" என்பதுதான். அவர் போனை மடித்த துணிப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மதியம் சாப் நின்றுகொண்டே ஒரு கடிதம் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். உங்கள் மென்பொருள் நோயாளிகளின் தகவலை வெளியே கசிய விட்டிருக்கிறது, ஒரு இளம்பெண்ணின் வாழ்க்கை பாழாகியிருக்கிறது, இதற்கு நீங்களே பொறுப்பு. அதை அந்தப் பொதுப் பக்கத்தில், என் பெயரில், நானே போட்டேன்.

இரண்டே நாளில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பல நாடுகளில் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள், பயன்படுத்தாதவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மார்த்தாவின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அவர் வேலை பார்த்த பள்ளிக்கு எழுதப்போவதாக ஒருவர் எழுதினார். எழுதியும் விட்டார் என்று பிறகு படித்தேன்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், இவரே முந்நூறு வரிகளையும் ஒட்டினார் என்று மார்த்தா சொல்லிவிடுவார் என்று. அதற்காகத் தயாராகக்கூட இருந்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான். 'இந்தத் தகவல் எப்படி வெளியே வந்தது என்று இதை எழுதியவருக்குத் தெரியும். அதைக் காட்ட வேண்டுமானால் நான் அழித்த பெயர்களை மறுபடி வெளியிட வேண்டும். அதைச் செய்ய மாட்டேன்.' அடுத்த வாரம் இன்னொரு வரி. இந்தப் பகுதியை இனி தன்னால் கவனிக்க முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியை அதன் பிறகு யாரும் திருத்தவில்லை; இருந்ததை வைத்தே நாங்கள் ஓட்டினோம்.

நோயாளிகளின் மருந்து விவரம் வாரம் வாரமாகக் கட்டம் கட்டமாக என் திரையில் தெரியும். மருந்து வாங்கினால் பச்சை, வாங்காவிட்டால் வெள்ளை. அண்ணன் வந்துபோன வாரத்திலிருந்து லாங் ஐலண்டில் ஒரு வரிசை வெள்ளையாகவே போனது. இரண்டு வாரம். நான்கு. ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வீட்டுக்கே மருந்தைக் கொண்டுட்டுப் போறேன் சார். கதவத் தொறக்க மாட்டேங்குறாங்க. உள்ளதான் இருக்கா, இருமல் சத்தம் கேக்குது. என்னன்னே புரியல. முந்தி எங்கூட நல்லா பேசுவா."

வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். தொடர்ந்து முயற்சி செய்யுங்கள் என்று அலுவலக மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஸ்டெல்லா சிஸ்டர் சில மாதங்களில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மாயாபந்தர் பக்கம் போய்விட்டார். ஏன் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தபோது எந்த மருந்துக்கும் நோய் அடங்கவில்லை. பாதியில் விட்டால் அப்படி ஆகும். மூன்று வாரம் படுக்கையில் இருந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் இறந்தது எனக்கு அந்தத் திரையில்தான் தெரிந்தது. வெள்ளைக் கட்டங்கள் முடிந்து, கடைசிக் கட்டத்தில் ஒரு குறி.

அன்று அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்து, முதல் முறையாக மேலே இருந்த குறிப்பைப் படித்தேன். எழுதுவதற்கு முன் தேடுங்கள் என்றிருந்ததால் தேடினேன். பதிவு இரண்டாக விழும் அதே கோளாறை வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பதிப்பு, செய்த காரியம், நடந்தது, நான்கு வரி. மார்த்தா அதைச் சரிசெய்து புதிய பதிப்பை வெளியிட்டிருந்தார். நான் 'மிக அவசரம்' என்று எழுதியதற்கு எட்டு மாதம் முன்பு. நாங்கள் அதை இறக்கிப் போட்டிருந்தால் போதும். யாரிடமும் எதையும் கேட்டிருக்கவே வேண்டாம்.

மூன்று நாள் ஆனது எழுத. சாப்பிடம் காட்டவில்லை. தகவலை வெளியிட்டது மென்பொருள் அல்ல, நான். பதிவுக் கோப்பைப் படிக்காமல் ஒட்டியது நான். நீக்கிவிட்டு அனுப்பச் சொன்னதை மதிக்காதது நான். தெரிந்தே மார்த்தாமேல் பழி போட்டது நான். அதில் இருந்த ஒருவர் இறந்துவிட்டார். என் முழுப்பெயரைப் போட்டு அந்தப் பக்கத்தில் பதிந்தேன். திட்டியவர்களில் யாரும் திரும்பி வந்து படித்த மாதிரி தெரியவில்லை. மார்த்தாவுக்குத் தனியாகவும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. 'படித்தேன். எழுதியதற்கு நன்றி. நான் திரும்பி வரப்போவதில்லை. மற்ற எட்டுப் பேர் எப்படி இருக்கிறார்கள்?'

எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். ஏழு பேரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. ஒருவர் மெயின்லேண்டுக்குப் போய்விட்டிருந்தார்.

சாப்புக்கு விஷயம் தெரிந்தபோது அழைத்தார். அன்று உட்கார்ந்திருந்தார். "கியூன் கியா?" என்று கேட்டார். ஏன் செய்தாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. பிறகு பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்புதான் கணினிப் பிரிவுக்குத் திரும்பினேன். சாப் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுக் கொல்கத்தா போய்விட்டார். அந்தக் கடிதங்களைச் சொன்னது அவர்தான் என்று நான் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. தட்டச்சு செய்தது என் விரல்கள்.

லாங் ஐலண்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். கடைசியாகப் போனதற்குக் காரணம் பயம். அண்ணன் வீட்டில் இருந்தார். வலையில் ஏதோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டியது, மழை, ஒன்பது பேர், அவர் வந்த அன்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது.

அவர் கை நின்றது.

"அப்ப சிஸ்டர் குடுக்கலியா?"

"இல்ல. சிஸ்டருக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"நாங்க சிஸ்டர்தான்னு நெனச்சோம். ஆபீஸ்ல அப்பிடித்தான சொன்னாங்க, அவங்கதான் எழுதுனதுன்னு. நான் வந்து தங்கச்சிகிட்ட சொன்னேன். எம்பேர வித்துட்டாளேன்னு அழுதா. அவங்க கையால மருந்து வாங்க மாட்டேன்னுட்டா. வேற யாருகிட்ட வாங்குறது, இங்க இருக்குறது ஒரு சிஸ்டர்." வலையைக் கீழே வைத்தார். "கதவத் தட்டிக்கிட்டு நிப்பாங்க. தொறக்காதன்னு நாந்தான் சொன்னேன். அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா தொறந்திருப்போம் சார்."

அவர் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தங்கை நோயால் செத்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவருக்கு, கதவைச் சாத்தியது தன் கை என்பதை நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்தே ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"அதுக்குத்தானா சார்" என்றார். "கடையில யாரும் எனக்கு சாமான் குடுக்கல. படகு ஜெட்டியில நின்னா தள்ளிப் போவாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாமலே வந்துட்டேன்."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க."

மதியப் படகுக்கு ஜெட்டியில் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், நான்கைந்து தமிழர்கள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னேன். அண்ணன் என் பின்னால் வந்து நின்றார், எனக்குத் துணையாக அல்ல, நான் சொல்வது சரியாக இருக்கிறதா என்று கேட்க. என் பெயரைச் சொன்னேன், எங்கே வேலை என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் நோயை வெளியே போட்டது நான், ஸ்டெல்லா சிஸ்டர் அல்ல என்றேன். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கடைசிவரை மருந்தோடு வந்து அந்த வீட்டு வாசலில் நின்றார் என்றேன்.

ஒரு வயதான வங்காளி அம்மாள், எந்தப் பெண் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் காதோடு சொன்னார். அண்ணன் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். படகு வந்தது. எல்லோரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். கூட்டமான படகு அது, சிலர் நின்றுகொண்டுதான் வந்தார்கள். கரை சேரும்வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.